கொலைச்சிந்தில் குறைந்த இரண்டு பக்கம்

இன்று காலை முடிதிருத்துகிற கடையில் ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் சோப்பு நுரையோடு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரில் வந்த ஒரு கொலையை உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டதுதான் காரணம். என் தாடை அருகே வந்த கத்தி அந்தரத்தில் நின்றுவிட்டது. தெருவில் போன இரண்டு பேர் உள்ளே வந்து நின்றார்கள். "அதுல பெண்ணு கேஸ் வல்லதும் உண்டா?" என்று கடைக்காரர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "இதுவரெ இல்ல" என்றார் வாசித்தவர். எல்லோர் முகத்திலும் ஒரு சின்ன ஏமாற்றம். என் முகத்திலும் இருந்திருக்கும். எதிரே கண்ணாடி இருந்தும் நான் பார்த்துக்கொள்ளவில்லை.

பேப்பர் கைமாறி என்னைத் தாண்டிப் போனபோது அச்சு மை வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை வந்தால் எனக்கு வெல்ல வாசனையும் கூடவே வரும். நான் முதலில் வேலை பார்த்த அச்சாபீஸ் ஆரியசாலையில் ஒரு வெல்ல மண்டிக்கும் அதை ஒட்டி, புளி மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கும் எதிரே இருந்தது. மலையாளச் சீமையை மகாராஜா ஆண்ட காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து, தமிழ் படித்தவன் என்ற ஒரே தகுதியோடு வந்து புரூப் பார்க்கிற உத்தியோகத்தில் சேர்ந்திருந்தேன். கலியாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், தேயிலைப் பெட்டிக்கு ஒட்டும் லேபில், இவைதான் வேலை. மெஷின் சும்மா கிடக்கிற நாட்களில் முதலாளி கொலைச்சிந்து போடுவார்.

கொலைச்சிந்து என்றால் இப்போது யாருக்குத் தெரியும்? எங்கேனும் ஒரு கொலை விழுந்தால் பத்து நாளுக்குள் அது பாட்டாகி, எட்டுப் பக்கப் புத்தகமாகிச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்துவிடும். சுடலைமுத்து என்று ஒரு ஆள் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு பாடுவான். கூட்டம் நெருக்கும். அரிவாள் ஓங்குகிற இடத்தில் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவான். மீதியை வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டைக்குள் குடியிருந்த பெரிய உத்தியோகஸ்தர்கள் வேலைக்காரனை அனுப்பி வாங்கிக்கொள்வார்கள். பாராயணப் புத்தகம் தவிர வேறெதையும் கையால் தொடாதவர் என்று பேரெடுத்த ஒருவர், சிந்தைக் குடைக்குள் சொருகிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கென்று ஒரு வரிசை உண்டு. பிள்ளையார் காப்பு, மகாராஜாவுக்கு வாழ்த்து, ஊர்ச் சிறப்பு, கொலை, போலீஸ் வருகை, கடைசியில் பெண்களுக்குப் புத்திமதி. பெண்களுக்கு ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அப்போது கேட்கவில்லை. இத்தனைக்கும் எழுதியது நான். அட்டையில் மட்டும் 'தென்பாண்டிப் புலவர் பாடியது' என்றிருக்கும். அப்படி ஒரு புலவர் பிறக்கவே இல்லை. "புரூப் பாக்கவன் பாடினாம்னா எவன் வே வாங்குவான்?" என்பார் முதலாளி. அவர் திருநெல்வேலிக்காரர். எனக்கும் பேர் வராதது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் எதிர்க்கடை வெல்ல மண்டிக்காரரே கொலையுண்டார். பட்டப்பகலில், பக்கத்துப் புளிக் கிட்டங்கிக்குள். அவரிடம் வேலை பார்த்த ஒருவன், நாலு பேர் முன்னால் அவர் திட்டியது பொறுக்காமல் இரும்புத் தடியால் அடித்துவிட்டான். தானே நடந்து போய்ப் போலீஸில் சொல்லியும்விட்டான். கேஸ் அவ்வளவுதான். செத்துப்போனவர் காலையில் என்னைப் பார்த்தால் கை உயர்த்துகிறவர். அவரைக் கட்டிலில் தூக்கிப்போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. எந்த மெட்டில் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தபோது ஆறு பக்கம்தான் வந்தது. அச்சில் ஒரு தாளை மடித்தால் எட்டுப் பக்கம். எட்டும் நிரம்பினால்தான் எழுத்துக் கட்டிய பாரம் மெஷினில் ஏறும்.

"மீதி ரெண்டு பக்கத்த வெத்தில மடிக்கவா குடுக்கது?" என்றார் முதலாளி.

"நடந்தது அவ்வளவுதான்."

"பொம்பள?"

"இந்தக் கேஸ்ல பொம்பளையே இல்ல."

"கேஸ்ல இல்லாட்டா என்ன வே? சிந்துல வேணும்லா. பேரு போடாண்டாம். பேரு போட்டாத்தான் வம்பு. ஒருத்தின்னு எழுதும், போதும்."

பேர் போடாவிட்டால் பழி இல்லை. எங்கள் தொழிலில் இருந்த ஒரே சட்டம் அது. நானும் அதை நம்பினேன். சாயங்காலத்துக்குள் ஒருத்தியைப் பிறப்பித்தேன். கொலைகாரனுக்குக் காதலி, கதவு திறந்துவிட்டவள், தடியை எடுத்துக் கொடுத்தவள். ஜன்னலுக்கு வெளியே புளி காய்ந்துகொண்டிருந்தது. எதுகைக்குக் கிளி கிடைத்தது.

புளியுடைக்கும் கையாலே பூட்டுடைக்க வழிசொன்னாள்
கிளிபோலப் பேசியவள் கதவுதிறந்து நின்றாளே.

சிந்து பறந்தது. சுடலைமுத்து மூன்றாம் நாளே வந்து இன்னும் வேண்டும் என்றான். வண்டிக்காரர்கள் இந்த இரண்டு வரியைத்தான் பாடிக்கொண்டு போனார்கள். கொலையும் போலீஸும் வருகிற ஆறு பக்கத்தை ஒருவரும் பாடவில்லை. எனக்கு வெட்கங்கெட்ட பெருமை. சாப்பாட்டுக் கடையில் யாராவது அதை முணுமுணுத்தால் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன்.

புளிக் கிட்டங்கியில் புளி உடைக்கிற பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். நாலாவது ஆள் இசக்கியம்மை. முப்பது வயதுக்காரி, புருஷன் இல்லை, கலகலவென்று பேசுவாள். ஊர் கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு மத்தியானம் அவள் அச்சாபீஸுக்கு வந்தாள். கையில் அந்தப் புத்தகம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, இதுல என்னப் பத்திப் போட்டிருக்குன்னு சொல்லுகாவ. எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். அந்த இரண்டு பக்கத்தையும் முழுக்க வாசித்தேன். விட்டுவிட்டு வாசித்திருக்கலாம், அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

"நான் கதவு தொறக்கலியே. அன்னைக்கு நான் காய்ச்சல்ல வீட்டுலலா கெடந்தேன்" என்றாள்.

"இதுல உன் பேரு இல்லையே" என்றேன்.

"பேரு எதுக்கு? புளின்னு இருக்குல்லா." புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள், "எழுதின புலவரு எங்க இருக்காரு?"

"தெக்க. ஊர் ஊராப் போறவரு" என்று கூசாமல் சொன்னேன்.

"பாத்தா சொல்லுங்க சாரே. அந்த எடத்த மட்டும் எடுத்துரச் சொல்லுங்க. கிட்டங்கியில வேலைக்கு வராண்டாம்னுட்டாவ. குடியிருக்க வீட்டையும் ஒழியச் சொல்லுகாவ. எழுத்து போச்சுன்னா பேச்சும் போயிரும்."

சொல்கிறேன் என்றேன். சும்மா சொல்லவில்லை, அன்றைக்கே உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்துக்கு மாற்று எழுதினேன். கோயில் கோபுரம், தெப்பக்குளம், சங்குமுகம் கடற்கரை என்று ஊர்ச் சிறப்பை நீட்டிவிட்டேன். முதலாளி வாசித்துப் பார்த்துச் சிரித்தார்.

"பிணம் விழுந்த சிந்துல கோபுரம் பாக்க எவன் வே வருவான்? அச்சுக் கோத்த எழுத்து கட்டினபடியே கெடக்கு. அதப் பிரிச்சு மாத்த ரெண்டு நாளாவும். சுடலை நாளைக்குக் கொல்லம் போறான்."

நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது பொய். ஊர் முழுக்கப் பாடுகிற என் வரியை நானே பிடுங்கி எறிய எனக்கு மனசு வரவில்லை. மூன்றாம் பதிப்புக்கு மறுபடி புரூப் வந்தது. அந்தப் பக்கத்தில் 'நின்றாளே'யில் ஒரு கொம்பு உடைந்து விழுந்திருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

பிறகு கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. அவன் ஒருவன்தான் குற்றவாளி. தீர்ப்பில் ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. அதை யாரும் பாட்டாகப் போடச் சொல்லவில்லை. அதற்குள் இசக்கியம்மை ஊரை விட்டுப் போயிருந்தாள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தேயிலை லேபில் கட்டோடு பொன்முடி மலைத் தோட்டத்துக்குப் போனேன். ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்கினால் பஸ் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயங்களுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வேலை இல்லாத நாள் போலும். குழாயடியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டு பாடினார்கள். என் சிந்து. புளியும் கிளியும் வருகிற இடத்தை ஒருத்தி முன்பாட்டாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டு திருப்பிப் பாடினார்கள். எடுத்துக் கொடுத்தவள் இசக்கியம்மை.

என்னைப் பார்த்துவிட்டாள். பாட்டை முடித்துவிட்டுக் குடத்தோடு என் பக்கமாக வந்தாள்.

"சுகந்தானா சாரே?"

"நீ ஏன் இதப் பாடுத?" என்றேன்.

"நான் வரதுக்கு முன்னமே இந்தப் பாட்டு இங்க வந்துட்டு. பாடாம இருந்தா ஏன்னு கேப்பாவ."

"இசக்கியம்மை, அத எழுதினது..."

"தெரியும். அன்னைக்கே தெரியும். நீங்க புஸ்தகத்தப் பாத்தா வாசிச்சீங்க? என் மொகத்தப் பாத்துல்லா வாசிச்சீங்க."

"பின்ன ஏன் அப்பமே கேக்கல?"

"கேட்டா நீங்க கோவப்பட்டு எடுக்காம விட்டுருவீங்களோன்னு பயந்தேன்" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள்.

பஸ் வந்தது. மலை இறங்குகிற அத்தனை வளைவிலும் என்னைத் தவிர எல்லோரும் தலை சுற்றி வாந்தியெடுத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழ வேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அச்சாபீஸுக்கு மட்டும் மறுநாள் வழக்கம்போலப் போனேன்.

அந்த அச்சாபீஸ் இப்போது இல்லை. சினிமா வந்து சுடலைமுத்துவின் கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டது. சிந்தின் ஒரு பிரதிகூட எனக்குக் கிடைக்கவில்லை, தேடியிருக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் பழைய ஆட்கள் நாலு பேரைப் பிடித்துப் பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. இசக்கியம்மை கதவு திறக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எந்தக் கதவு என்று கேட்கக்கூட ஆள் இல்லை.