ஆரோன் மேல் சத்தியம்

அமலநாதன் சார் லாஸ்பேட்டையில் எனக்குப் பக்கத்து வீடு. பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருந்தாரா? பிரான்சில் அடைக்கலம் கேட்கும் ஈழத் தமிழர்களுக்குச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துகொண்டார். கூடத்தில் உட்கார்ந்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, அங்கே வழக்கை நடத்தும் வக்கீலம்மா கேட்பதைத் தமிழிலும் அகதிகள் சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்வார். அவர் மனைவி ஸ்டெல்லாமேரி அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்கு நன்றிக்குச் சொல்லும் ‘மெர்சி’ தவிர வேறு பிரெஞ்சு தெரியாது.

சுகந்தினி முல்லைத்தீவுக்காரி. புருஷனோடு பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு அறையில் இருந்தாள். முதல் மனு தள்ளுபடியாகிவிட்டது. மேல்முறையீடும் போய்விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராணுவ முகாமில் என்ன நடந்தது என்று வக்கீலம்மா விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார்.

“கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சவங்கள் ஐயா. பிறகு விட்டிட்டாங்கள். அவ்வளவுதான்.”

சார் அப்படியே சொன்னார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் அந்த வேலையின் சட்டம். பதிலுக்கு முன்னால் அவள் வாயடைத்துக் கிடந்தாளே, அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அப்பா வயதில் இருக்கும் ஒரு தமிழ் ஆம்பளையிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்? பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சாரே கேட்டுப் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் சார் செல்போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தபோது அவளே கூப்பிட்டாள். போனை எடுத்தது அக்கா. சார் திரும்பி வந்தபோது அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

“என்னா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?”

“எல்லாத்தையும் சொல்லிடுச்சு.”

“சொல்லு. வக்கீலம்மாவுக்கு இப்பவே போன் போடறேன்.”

“முடியாதுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ஆரோன் மேல சத்தியம் வாங்கிடுச்சு.”

ஆரோன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. தினமும் பைக்கில் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போய் வருகிறவன். வேறு எதன்மேல் சத்தியம் செய்திருந்தாலும் பங்குச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைமேல் செய்ததை எந்தத் தாய் மீறுவாள்? நானும் மீறமாட்டேன். சார் கத்தினார், கெஞ்சினார், சாப்பிடாமல் கிடந்தார். பிரெஞ்சு தெரிந்தவருக்கு விஷயம் தெரியாது, விஷயம் தெரிந்தவருக்கு வாயில்லை.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, “நீயே சொல்லிடும்மா. இல்ல, அந்தச் சத்தியத்த திருப்பி எடுத்துக்க” என்று மன்றாடினார்.

“வேண்டாம் அக்கா. இவருக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்கமாட்டன்.”

புருஷனுக்குத் தெரியாமல் நீதிபதிகளிடம் மட்டும் சொல்லலாம் என்று வக்கீலம்மா எத்தனையோ முறை வாக்குக் கொடுத்தார். அவள் நம்பவில்லை.

மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, சார் தமிழில் சொன்னார். மேல்முறையீடு தள்ளுபடி. முகாமில் உங்களுக்கு எந்தத் துன்பமும் நேர்ந்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள். கூட்டாமல், குறைக்காமல், அக்கா பக்கம் திரும்பாமல் சொல்லி முடித்தார்.

சுகந்தினி அழவில்லை. அக்கா பக்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

“இருக்கேம்மா.”

“உங்கட மகன் சுகமா இருக்கிறாரோ அக்கா?”

“நல்லா இருக்காம்மா” என்றார் அக்கா.