சோக் கோட்டின் உள்பக்கம்

மாத்தளையில் நான் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரியான என்னோடு யாரும் சோறு சாப்பிட மாட்டார்கள். காலையில் தைத்ததைத் திருப்பி அனுப்பியவளின் முன்னால் உட்கார்ந்தால் யாருக்குச் சோறு இறங்கும்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியும் எனக்கென்று இருந்தது ஒருத்திதான். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காற்சட்டைக்கு இடுப்புப் பட்டி தைப்பவள். அவள் கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லாத எனக்கு அந்த அரைமணி நேரம் பெரிது.

போன வருடம் ஒரு காற்சட்டை ஓடர் முழுவதும் இடுப்பில் அரை அங்குலம் இறுகி வந்தது. அறிக்கையில் தவறு நடந்த பகுதியை எழுத ஒரே ஒரு கட்டம். இடுப்பு என்றால் பட்டிதானே என்று அதையே எழுதினேன். தான் சரியாகத்தான் தைத்ததாக அவள் சொன்னாள். பார்க்கலாம் என்றேன், பெரிய அதிகாரி மாதிரி. மறுநாள் அவளை மெஷினிலிருந்து எழுப்பி, மிச்ச நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் தைத்தவள் சின்னக் கத்தரிக்கோலோடு நின்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஓடரில் ஒரு காற்சட்டையைத் துணியிலிருந்து பெட்டி வரைக்கும் அளந்துகொண்டே போனேன். வெட்டுகிறவர்கள் துணியில் சுண்ணக்கட்டியால் வரைந்த சோக் கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டினார்கள். கோடு தெரிந்தால் அழுக்கு என்று நான் திருப்பிவிடுவேனாம். ஒரு ஓரத்தில் குறைந்தது கோட்டின் தடிப்புதான். ஆனால் இடுப்புக்கு நான்கு துண்டு, எட்டு ஓரம். துண்டுகளை இணைக்கிறவர்கள் தையல் பிரிந்தால் நான் கத்துவேன் என்று மயிரிழை கூடுதலாக உள்ளே பிடித்துத் தைத்தார்கள். கழுவும்போது துணி கொஞ்சம் சுருங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எங்கேயும் அளவு அனுமதித்த எல்லையைத் தாண்டவில்லை; எல்லாம் சேர்ந்தபோதுதான் அரை அங்குலம். எல்லா இடத்திலும் சரி என்று கையெழுத்து வைத்தவளும் நான்தான். பட்டிக்காரி தன்னிடம் வந்த அளவுக்குத் தைத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

முகாமையாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், என் பங்கையும் சேர்த்து. அவளை மெஷினுக்குத் திரும்ப எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய், பிழை அவளுடையது இல்லை என்று சொன்னேன்.

"நான் சரியாத்தான் தைச்சேன்னு அன்னைக்கே சொன்னேனே மிஸ்" என்றாள். "நீங்க அளந்து பார்த்த பொறகுதானே நம்புனீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கெஞ்சியாவது சமாதானம் செய்திருப்பேன். சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு மற்றத் தையல் பிள்ளைகளின் மேசைக்குப் போனாள். இப்போதும் காலையில் மரியாதையாக வணக்கம் சொல்கிறாள்.

அவள் தைத்து அனுப்புவதை இப்போது நான் அளப்பதில்லை. அப்படியே கையெழுத்து வைக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது.