ஆறப் பொறுத்த அண்ணி

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம் என்பார்கள். என் பெரியண்ணி கெட்டிக்காரி. அதை நான் எங்கும் சொல்வேன். ஆனால் கெட்டிக்காரிகளிடம் ஒரு தொல்லை உண்டு. ஏதாவது தப்பாகிவிட்டால் அதை வீட்டில் வேறு யாராவதுதான் செய்திருக்க வேண்டும்.

அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்துவிட்டு வருகிறவர்களுக்கு உதடு காய்ந்து வெடித்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தேன்மெழுகையும் ஷியா பட்டர் என்கிற கொட்டை வெண்ணெயையும் எண்ணெயோடு உருக்கி வீட்டிலேயே லிப் பாம் செய்தார். முதல் தடவை அவசரத்தில் டப்பிகளில் ஊற்றி ஃபேனுக்கு அடியில் வைத்தார். வழுவழுவென்று வந்தது, நடுவில் மட்டும் சின்னக் குழி. டாக்டரம்மாவே தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அண்ணியின் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அந்தக் குழி அவரை உறுத்தியது. "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கணும். நான் அவசரப்பட்டுட்டேன்" என்று அடுத்த தடவை டப்பிகளைத் துண்டால் போர்த்தி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் ஒரு மூலையில் வைத்தார். குழி விழவில்லை. உதட்டில் தடவினால்தான் நறநறவென்றது. மருத்துவமனையில் பூசிக்கொண்ட ஒரு பெரியவர், "என்னம்மா, மண்ணு கலந்திருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். டாக்டரம்மா டப்பிகளை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்.

அந்த அவமானம் கோபமாக வீட்டில் வந்து இறங்கியது. பெரியண்ணியோடு அடுப்படியில் புழங்குகிற ஓரகத்தி எங்கள் சின்னண்ணி. என் வயதுதான், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியண்ணி அவளைக் கேட்டார்: "டீ போட்ட கையோட என் கிண்ணத்தைத் தொட்டியா? சக்கரை விழுந்திருக்கு. உன் கை பட்டா எதுதான் உருப்படும்?"

"தெரியலக்கா" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. என் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அப்போது பார்த்துத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு பெரியண்ணி செய்யாத வைத்தியம் இல்லை. மெழுகைக் கூட்டினார், மெழுகுவத்தி போல் விறைத்தது. எண்ணெயைக் கூட்டினார், டப்பிக்குள்ளேயே கொழகொழத்தது. சர்க்கரைதானே என்று உருக்கி மெல்லிய துணியில் வடிகட்டினார். துணியில் ஒன்றும் தங்கவில்லை. ஆறியதும் மறுபடியும் நறநற. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. அவர் மெழுகு உருக்கும்போது சின்னண்ணி அடுப்படிப் பக்கமே வருவதை நிறுத்தியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது. போர்த்தி வைக்கப் பொழுதில்லாமல் டப்பிகளை ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு ஓடினார். சாயங்காலம் எடுத்துத் தடவிப் பார்த்தால் நறநறப்பே இல்லை. பழைய டப்பியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தார். இனிக்கவில்லை, அப்படியே உருகிப்போனது. மெதுவாக ஆறியதால் ஷியா பட்டரே மணிமணியாக உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாக்கில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் செய்யாமல் ஒருத்தியின் கையைப் பழித்திருந்தார். ஃபிரிட்ஜ் கதவைக்கூட மூடாமல் முகம் செத்துப்போய் நின்றார். அவமானம் பிடுங்கித் தின்றது என்று பிற்பாடு என்னிடமே சொன்னார்.

ஆனாலும் அவரை நான் மெச்சுவேன். பூசி மெழுகவில்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதே சொன்னார்: "சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஆற வெச்ச விதம்தான் தப்பு. உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடும்மா."

சின்னண்ணி பதறிப்போனாள். "ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்கக்கா. என் கைதான்னு நானும் நெனச்சுட்டேன். அதான் இப்பல்லாம் எதைத் தொடறதுக்கு முன்னாடியும் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவிடறேன்."

சொல்லிக்கொண்டே பரிமாறக் கையை நீட்டினாள். விரல் கணுக்களெல்லாம் வெடித்து, ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அத்தனை நாளும் அந்தக் கையால்தான் எங்களுக்குப் பரிமாறியிருக்கிறாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரியண்ணி புது டப்பியைத் திறந்து அவள் கையைப் பிடித்தார்.

அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. என் கை பட்டு மறுபடியும் கெட்டுடப் போகுது."