பதினோராவது அடியில் செம்மண்

என் பீரோவின் அடித்தட்டில் நிலம் அளக்கிற ஒரு துணி நாடா கிடக்கிறது. தோல் உறை வெடித்துவிட்டது. மகன் நாலு தரம் தூக்கிப்போடப் பார்த்தான், நான் விடவில்லை. அதில் பதினோராவது அடியில் ஒரு செம்மண் கறை. எதையாவது தேடும்போது அது கண்ணில் பட்டுவிட்டால், அன்றைக்கு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நான் ஓவர்சியர். குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு காண்டிராக்டர் ரோட்டுக்குச் சரள் தோண்ட வந்திருந்தார். தோண்டி முடித்ததும் குழியை அவரே சரிசெய்ய வேண்டும்; செய்யாமல் போனால் எங்கள் அலுவலகமே செய்வதற்காக முன்கூட்டியே ஒரு தொகை கட்ட வேண்டும். அது எவ்வளவு என்று எஸ்டிமேட் போட வேண்டியவன் நான். மேல்மண்ணை வழித்துக் குழியோரம் சின்னக் குன்று போலக் குவித்திருந்தார்கள். பங்குனி வெயிலில் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தேன். மண்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, தள்ளிவிடுகிற கூலி போதும் என்று, வண்டிக்கூலிக்கு நேரே தொகை எழுதாமல் ஒரு கோடு போட்டேன். எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

குழிக்கு மேற்கே ஒரு அக்காவின் வயல். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்த வயல்தான் சோறு. நான் எழுதுவதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “சார், இந்த மண்ணு இங்கன கெடக்காது. சித்திரையில ஊரே வண்டி பூட்டி வயலுக்கு அடிச்சிருவாவ. இத நம்பிக் கணக்கு எழுதாதீய.”

“சர்க்கார் மண்ணை யாரும் தொடமாட்டாங்க அக்கா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத் தெரியாத மண்ணா என்ற திமிர் எனக்கு.

இரண்டு கோடை கழிந்தது. காண்டிராக்டர் குழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். வைகாசியில் ஆட்களோடு போனால், குவியல் இருந்த இடம் பெருக்கி விட்டதுபோல் கிடந்தது. அக்கா வந்தார்.

“அன்னைக்கே சொன்னேம்லா” என்றவர், கொஞ்சம் தயங்கி, “நானும் நாலு வண்டி அடிச்சேன் சார். ஊரே அள்ளும்போது நான் மட்டும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?” என்றார்.

இனி வெளியிலிருந்துதான் வண்டியில் மண் வர வேண்டும். கட்டியிருந்த தொகைக்கு ஒரு பக்கத்தைத்தான் மூட முடியும். கிழக்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. மேற்கே அவர் வரப்பு. அவர்தான் சொன்னார்: “பிள்ளைய போற பக்கம் போடுங்க. என் வரப்பு தாங்குனா தாங்கட்டும்.”

ஆனியில் குற்றாலத்தில் சாரல் கட்டியது. ஊரெல்லாம் அருவிக்குக் கிளம்பியது. எனக்கோ நனைந்த சுவரைப் பார்த்தாலே அந்த வரப்பு நினைவுக்கு வந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, நாலாம் நாள் சைக்கிளை எடுத்தேன். வரப்பைக் காணோம். நாற்றங்காலில் பாதி குழிக்குள் கிடந்தது.

அக்கா அழவில்லை. “எவ்வளவு போயிருக்குன்னு அளந்து சொல்லுங்க” என்று நாடாவின் நுனியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். பதினோரு அடி. ஈர மண் என் விரலோடு நாடாவிலும் ஒட்டியது.

“நான் அள்ளுன நாலு வண்டியும் திரும்பப் போயிட்டு” என்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். குழியும் இல்லை, வயலும் இல்லை, வரிசையாக வீடுகள். எங்கே நின்று அளந்தோம் என்றுகூடத் தெரியவில்லை. வந்ததும் பீரோவைத் திறந்து நாடாவை எடுத்தேன். சோப்புப் போட்டால் கறை போய்விடும் என்கிறான் மகன். போகும்தான். ஆனால் அந்த அக்கா கடைசிவரை, தான் அள்ளிய நாலு வண்டிக்குத்தான் அது தண்டனை என்று நினைத்திருந்தார். வண்டிக்கூலிக்கு நேரே நான் போட்ட கோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை.