மெல்கிசேதேக்கின் பங்கு

மாமல்லபுரம் பேருந்து திருக்கழுக்குன்றத்தில் தேநீருக்காக நிற்கிறது. கடற்கரைச் சபையில் மெல்கிசேதேக்கைக் குறித்துச் சொற்பொழிவாற்றச் செல்லும் நான், சலவைக் கோட்டு கசங்காமல் அமர்ந்திருக்கிறேன். செங்கல்பட்டில் விற்காத மீன்களோடு எதிர் இருக்கையில் இருக்கும் பெண்மணி, நான் அந்தப் பெயரை முணுமுணுப்பதைக் கேட்டு, "யாரு சாமி அது?" என்கிறார்.

"சாலேமின் ராஜா, கடவுளுக்குப் பலி செலுத்தும் ஆசாரியரும் அவரே. யூதருள் சிலர் அவரை நோவாவின் மகன் சேம் என்பர். நாங்கள் கிறிஸ்துவின் முன்னடையாளம் என்போம். போரில் வென்று வந்த ஆபிரகாமுக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுத்து ஆசீர்வதித்தார். ஆபிரகாம் பத்தில் ஒரு பங்கை அவருக்கு அளித்தார்."

"ராசாவே சரக்கு ஊத்திக் குட்த்தாரா? இப்ப இருந்தா போலீசு புட்ச்சிகினு பூடும்!"

விடியலிலிருந்து அந்த அம்மா ஒன்றும் உண்ணவில்லையாம். என் ரொட்டியை நீட்டி, "கர்த்தர் ஆசீர்வதிப்பாராக" என்கிறேன்.

மாமல்லபுரத்தில் மாலையோடு சபையார் காத்திருக்கிறார்கள். நான் இறங்கும்போது, அந்தப் பெண்மணி மிஞ்சிய பத்துச் சங்கரா மீனில் ஒன்றை என் கையில் திணிக்கிறார்.

"வேண்டாம் அம்மா!"

"ரொட்டி குட்த்த, ஆசிர்வாதமும் பண்ண. எனக்கு மட்டும் மரியாத தெரியாதா? கொயம்பு வெச்சித் துண்ணு ராசா!"

சபையார் மீனைப் பார்க்கிறார்கள். மெல்கிசேதேக்கு தம் பங்கை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்று வேதம் சொல்லவில்லை. நான் இடக்கையில் பிடித்துக்கொண்டு, மாலைக்குத் தலை குனிகிறேன்.