நான் திருப்பி வைத்த பெட்டி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருமுடிவாக்கம் பட்டறை, பெயின்ட் வேலை என்று சுற்றிவிட்டு, சேலையூரில் காலனிகளுக்கு வயர்லெஸ் இணையம் அமைப்பவரிடம் சேர்ந்தேன். மொட்டைமாடிக் கம்பங்களில் பெட்டிகளை மாட்டுவது என் வேலை. ஒரு பெட்டி அடுத்த பெட்டியை நேராகப் பார்த்தால்தான் அதற்கு சிக்னல் கொடுக்கும்.

பிறகு டிப்ளமோ படித்த ரஃபீக் வந்தான். நான் வெயிலில் ஏறி இறங்க, அவன் நிழலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பான். ஒரே மாதத்தில் முதலாளி அவனிடம், “தம்பி, சாப்டியா?” என்று கேட்டார். நான்கு வருடமாக எனக்கு “டேய்” மட்டும்தான். வயிறு எரிந்தது.

ஒரு காலனியில் வேலையை ஒப்படைக்கும் நாள். காலையிலேயே மாடியேறி, ஒரு பெட்டியின் நட்டைத் தளர்த்தி, ஏரிப்பக்கம் திருப்பி, மறுபடி முறுக்கினேன். எல்லார் முன்னாலும் ரஃபீக் அசிங்கப்படட்டும் என்றுதான்.

இணையம் நிற்கவில்லை. சிக்னல் மற்ற பெட்டிகள் வழியாகச் சுற்றிப் போய்விட்டது. அவன் அப்படி அமைத்திருந்தான். ஆனால் லேப்டாப்பில் அந்தப் பெட்டி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

“இத மாட்டுனது யாருடா?” என்று முதலாளி என்னை முறைத்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

“காத்துல திரும்பியிருக்கும் சார், பாத்துக்கறோம்” என்றான் ரஃபீக்.

மாடியில் ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். “அண்ணா, நீங்க முறுக்குன நட்டு எந்தக் காத்துக்கும் அசையாது. எனக்குத் தெரியும்.”

என் வேலையை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. தலை நிமிராமல் பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

இன்றும் அவன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. லேப்டாப்புக்காக அல்ல. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், காலனிக்கே கேட்கும்படி கத்தியிருப்பேன்.