இடுப்புக்கு எந்தச் சொல்

செய்தி காலை ஆறு மணிக்கு வந்தது. தேவி குழாயடியில் நின்றிருந்தாள். போனில் கற்பகத்தின் கணவர் தவசி.

"கற்பகம் ராத்திரி நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னா. தேனிக்குப் போற வழியிலயே முடிஞ்சுருச்சும்மா. சாயங்காலம் சிலமலையில வச்சு எடுக்குறோம்."

தேவி சரி என்றாள்.

போடியில் தேவியும் கற்பகமும் வேலை பார்த்த கிளினிக்கில் டாக்டர் திரையில்தான் வருவார். ஐதராபாத்காரர், தமிழ் தெரியாது. நோயாளி சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வது கற்பகத்தின் வேலை. எக்ஸ்ரே எடுப்பது தேவி.

கற்பகம் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். வந்த புதிதில், லோடு ஏற்றும் கன்னையன் கை வலிக்கிறது என்றதும் 'ஹேண்ட்' என்று சொல்லிவிட்டாள். உள்ளங்கையைப் படமெடுத்தார்கள். நோவு தோளுக்குக் கீழே இருந்தது. "என் கையி எங்க ஆரம்பிக்குதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கன்னையன் சிரித்தார். அதன்பின் எங்கே வலிக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. "என்ன சோலி செய்ய முடியல? செஞ்சு காட்டுங்க" என்பாள். பார்த்துவிட்டுத்தான் 'ஆர்ம்' என்பதா, 'ஹேண்ட்' என்பதா என்று முடிவு செய்வாள். சுவரில் மாட்டியிருந்த உடம்புப் படத்திலும், இங்கிலீஷ் பெயர்களுக்குப் பக்கத்தில் ஊர்ச் சொல்லைத் தாள் துண்டில் எழுதி ஒவ்வொன்றாக ஒட்டிவந்தாள்.

முந்தின நாள் கடைசியாக வந்தவள் செல்லக்கிளி. மலையில் ஏலக்காய் எடுப்பவள். காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தே நகர வேண்டும். இடுப்பு வலி என்றாள். நெட் கிடைக்காததால் டாக்டர் திரையில் வரவில்லை. நாளைக்கு வரச் சொல்லிக் கற்பகம் அனுப்பினாள்.

கிளினிக் இன்று கிடையாது என்று எழுதி ஒட்டத் தேவி போனபோது, ஜீப்பில் இறங்கி வந்திருந்த செல்லக்கிளி கதவடியில் நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே டாக்டர்ட்டச் சொல்லிரு தாயி. முதுகுன்னு சொல்லு. மாத்திரையோட போயிருவேன்."

"முதுகா வலிக்குது?"

"இடுப்புன்னா படம் எடுன்னுவாக. பெறகு குத்தவைக்காதன்னுவாக. கங்காணி மறுநாளே வேற ஆள ஜீப்புல ஏத்திருவான். வெரசாச் சொல்லு, ஒனக்கும் எழவு வீட்டுக்குப் போகணும்ல."

ஊர்ப் பேச்சில் கீழ்முதுகும் இடுப்புதான், தொடைமூட்டும் இடுப்புதான். முதுகு, 'பேக்' என்றால் மாத்திரை. மூட்டு, 'ஹிப்' என்றால் ஒருவேளை வேலையே போய்விடும். தேவி கதவைத் திறந்தாள்.

"காய் எடுக்குற மாதிரி உக்காருங்க பெரியம்மா."

"அவ புத்தி ஒனக்கும் ஒட்டிக்கிருச்சா?"

முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். எழும்போது வலது தொடையிடுக்கை அழுத்திப் பிடித்தாள். முதுகைத் தொடவே இல்லை.

டாக்டர் திரையில் வந்ததும் கற்பகத்தைத்தான் கேட்டார். தேவி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கே வலி என்றார்.

"ஹிப்" என்றாள் தேவி.

செல்லக்கிளிக்கு அந்தச் சொல் தெரியாது. தேவியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

படத்தில் மூட்டு தேய்ந்திருந்தது. இப்படியே குத்தவைத்தால் நடையும் போய்விடும் என்றார் டாக்டர்.

"கற்பகமா இருந்தா முதுகுன்னுருப்பா" என்றாள் செல்லக்கிளி.

"சொல்லிருக்க மாட்டாங்க பெரியம்மா."

"தெரியும். சும்மா சொன்னேன்." கொசுவத்தைச் சரிசெய்தாள். "ஏலக்கா ஸ்டோர்ல பெஞ்சுல உக்காந்து காய் பொறுக்குற சோலி இருக்கு. கேட்டுப் பாக்குறேன். குடுத்தாத்தான்."

இருவரும் சிலமலை பஸ்சில் ஏறினார்கள்.

அந்த உடம்புப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. கை, கால், கழுத்து எல்லாம் ஒட்டியாகிவிட்டது. கற்பகம் 'இடுப்பு' என்று எழுதிய துண்டு மட்டும், 'பேக்' பக்கத்திலா 'ஹிப்' பக்கத்திலா என்று முடிவாகாமல், ஒட்டாமல் மேசை டிராயரில் கிடக்கிறது.